ஹாரன் ஒயரைக் கழற்றிய இடம்

போன மாதம் கார்த்திக் போன் செய்தார். சுற்றுலா வழிகாட்டியாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர். "சார், யானைகிட்ட யாரும் போகக் கூடாது, தொடக் கூடாதுன்னு இங்க ரூல் போட்டுட்டாங்க. டிக்கெட் எடுத்தவங்க என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. பேஜாரா இருக்கு. உங்க காலத்துல நீங்க இன்னா சொல்லி சமாளிச்சீங்க?" என்று கேட்டார்.

நான் சமாளிக்கவில்லை, வேறொருவர் சமாளித்தார் என்றேன். அவர் "யாரு சார்?" என்றார். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சரித்திரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வாத்தியார் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். அது கிடைக்கவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு சின்ன டிராவல்ஸ் இருந்தது. ஒரு வேன், ஒரு டிரைவர், ஒரு மேனேஜர், ஒரு மேசை. செஞ்சிக் கோட்டையைப் பற்றிப் பேசத் தெரியுமா என்று கேட்டார்கள். நிறுத்தத்தான் தெரியாது என்று என் அப்பா சொல்லியிருப்பார். நான் "தெரியும்" என்றேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

வேனின் பக்கவாட்டில் பெயிண்டில் எழுதியிருக்கும்: செஞ்சி, மண்டகப்பட்டு, யானைத்தோப்பு, ஒரே நாளில். காலையில் திண்டிவனத்தில் கிளம்பி செஞ்சிக் கோட்டை. வெயில் ஏறுவதற்குள் அதை முடித்துக்கொண்டு மண்டகப்பட்டில் பல்லவ ராஜா பாறையைக் குடைந்து கட்டிய கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதைச் செய்தேன் என்று ராஜா கல்வெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இடம். நான் இதை விளக்கி முடித்ததும் ஒரு கட்டட மேஸ்திரி, "நல்லவேளை, அந்த ராஜா இப்ப இல்ல. நாங்கள்லாம் சோத்துக்கு இன்னா பண்றது?" என்றார். அந்தக் குகைக்குள் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

கடைசியாக யானைத்தோப்பு. கெடார் பக்கம் ஒரு மடத்துக்குச் சொந்தமான மாந்தோப்பு அது. கோயில்களில் வேலை செய்ய முடியாமல் போன யானைகளை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இரண்டு யானைகள். ஒன்று கண் தெரியாத கிழவி. நிற்கவே தள்ளாடும் என்பதால் மூங்கில் தடுப்புக்குப் பின்னால்தான் எப்போதும் இருக்கும். இன்னொன்று செண்பகம். நடுவயது, நல்ல உயரம், காதோரம் ரோஜா நிறப் புள்ளிகள். கோட்டையில் முனகிக்கொண்டே ஏறியவர்கள்கூட செண்பகத்தைப் பார்த்ததும் குழந்தையாகிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் எங்கள் டிக்கெட் விற்றது என் சரித்திர ஞானத்தால் அல்ல, செண்பகத்தால்.

மேனேஜர் சுந்தரேசன் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. வாரத்தில் ஒரு நாள் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வேனின் கடைசி சீட்டில் பயணி மாதிரி உட்கார்ந்து வருவார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசமாட்டார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே எனக்கு டீ இறங்காது.

முதல் தடவை அவர் வந்த அன்று, செஞ்சியில் கல்யாண மஹால் முன்னால் நின்று மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று வருடத்தோடு ஒப்பித்தேன். பேசி முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. சாயங்காலம் அவர் கேட்டார்.

"வேணு, அந்தப் பச்சைப் புடவை கட்டின அம்மா ஏம்ப்பா கால மாத்தி மாத்தி நின்னுக்கினு இருந்தாங்க?"

"கவனிக்கலீங்களே."

"செருப்பு அறுந்துபோச்சு. பாறை சுட்டுது. நீ கோட்டையப் பார்த்துக்கினு இருந்தே. கோட்டை எங்கியும் ஓடாது. ஜனங்களப் பாரு."

அன்று ராத்திரி கோபம் கோபமாக வந்தது. ஆனால் மறுநாளிலிருந்து என் கண் தானாகவே காலைப் பார்க்க ஆரம்பித்தது, பிறகு முகத்தை.

இன்னொரு ஏற்பாடும் அவருடையதுதான். ஒருநாள் செஞ்சியில் நான் தலை எண்ணி, சரியாக இருக்கிறது என்று வண்டியைக் கிளப்பிவிட்டேன். விழுப்புரம் போகிற ரூட் பஸ் என்று நினைத்து ஒரு ஆள் ஏறி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆள் ஒருவர் களஞ்சியத்துக்குள் எதிரொலி கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். எண்ணிக்கை சரி, ஆள் தப்பு. அதற்குப் பிறகு மேனேஜர் தலை எண்ணுவதையே நிறுத்திவிட்டார். காலையில் ஏறியதும் ஒவ்வொருவரும் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேர் ஊர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் வண்டி கிளம்புமுன் நான் "பக்கத்து சீட்டு?" என்று குரல் கொடுப்பேன். "வந்தாச்சு, வந்தாச்சு" என்று வரிசையாகப் பதில் வரும். நம்மை நாமே தொலைக்கலாம், பக்கத்து சீட்டைத் தொலைக்கக் கூடாது. எங்கள் வண்டியின் சட்டம் அது.

யானைத்தோப்புக்குத் தனிச் சட்டங்கள். மெயின் ரோட்டிலிருந்து மண்பாதை பிரிகிற இடத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஹாரன் ஒயரைக் கழற்றிவிடுவார். கை தவறிக்கூட ஹாரன் அடித்துவிடக் கூடாது. டேப் ரெக்கார்டரை நிறுத்திவிட வேண்டும். குடையை விரிக்கக் கூடாது. வாய்க்கால் கரையில் வரிசையாக நின்று பார்க்கலாம். வாங்கி வந்த வாழைப்பழம், வெல்லம், கேப்பைக் களி உருண்டை எதுவானாலும் பாகன் மாரியின் கையில்தான் கொடுக்க வேண்டும். அவர் யானைக்குக் கொடுப்பார். கரையைத் தாண்டி யாரும் இறங்கக் கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களிடம் "வயசான யானைங்க" என்று சொல்லச் சொல்லியிருந்தார் மேனேஜர். காரணம் அதுவல்ல. கும்பகோணத்துப் பக்கம் ஒரு கோயிலில் செண்பகம் இருந்தபோது, திருவிழாவில் யாரோ அதன் காலடியில் வேட்டு வெடித்துவிட்டார்கள். யானை மிரண்டு ஓடியது. தடுக்கப்போன பாகன் அதன் காலடியில் சிக்கி இறந்துபோனார். அந்தப் பாகனின் தம்பிதான் மாரி. மடத்தில் கேட்டு, அழுது, செண்பகத்தைத் தன்னோடு கெடாருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"சுத்துப்பட்டு ஊர்ல தெரிஞ்சா அவ்ளோதான்" என்றார் மேனேஜர். "கொலைகார யானைன்னு பேர் வெச்சுடுவாங்க. பெட்டிஷன் போடுவாங்க. மடத்துல வேற எங்கியாவது அனுப்பி, சங்கிலியில கட்டிப் போட்டுடுவாங்க. மாரிக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். நம்ம வாயிலேருந்து வரக் கூடாது வேணு."

வரவில்லை. ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்று மேனேஜரும் வந்திருந்தார். கடைசி சீட்டில் அவருக்குப் பக்கத்தில் அஞ்சலை என்று ஒரு பெண், இடுப்பில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை. அஞ்சலை திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை மில்லில், வேலை பார்ப்பவர். பார்த்தாலே தெரிந்தது, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் இல்லை. செஞ்சியில் நான் எதைக் காட்டினாலும் அவர் அதைப் பார்க்கவில்லை. "யானை எப்பங்க?" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டார். ராஜகிரி அடிவாரத்தில் யானைக்குளம் என்று நான் சொன்னதும் வேகமாக முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"யானை எங்கங்க?"

"இது அந்தக் காலத்துல யானை குளிச்ச குளம்மா. இப்ப யானை கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குழந்தை அம்மாவின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இறக்கிவிட்டால் வீறிட்டது. ரோட்டில் லாரி ஹாரன் கேட்டால் முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலையிடம் மெதுவாக விசாரித்தேன்.

"மல்லிகா நல்லாத்தாங்க இருந்தா. தீவாளிக்கு முன்ன ரோட்டோரம் நின்னுக்கினு இருந்தோம். ஒரு லாரி வந்து எங்களுக்கு முன்னாலயே கவுந்துச்சு. இவ மேல ஒரு தூசி படல. அதுலேருந்து என்னை உடமாட்டேங்கிறா. மில்லுல கொழந்தைய இட்டுக்கினு வராதேங்கிறாங்க. உட்டுட்டுப் போனா கத்திக் கத்தி ஜுரம் வந்துடுது. நான் வேலைக்குப் போய் எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

அவர் பையில் வெற்றிலை பாக்கு, பூ, குழந்தைக்குப் புதுப் பாவாடை இருந்ததைப் பார்த்தேன். கோயில் எதற்காவது போகிறவர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

தோப்பில் டிரைவர் ஒயரைக் கழற்றினார், நாங்கள் நடந்துபோய் வாய்க்கால் கரையில் வரிசையாக நின்றோம். செண்பகம் மாமரத்தடியில் ஓலையைக் காலில் தட்டித் தட்டி மண்ணை உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தது. நான் பேச வாயெடுப்பதற்குள் அஞ்சலை குழந்தையோடு வாய்க்காலில் இறங்கி, ஏறி, நேராக யானையை நோக்கி நடந்தார்.

மாரி கையை நீட்டி மறித்தார். "நில்லும்மா. கிட்ட வராதே."

"அண்ணா, மூணு தரம். மூணே மூணு தரம் இவள வயித்துக்கு அடியில நுழைய உடுங்கண்ணா. பயம் தெளிஞ்சிடும்னு சொன்னாங்க. அதுக்குத்தான் டிக்கெட்டு எடுத்துக்கினு வந்தேன்."

அது எங்கள் பக்கத்தில் பழைய நம்பிக்கை. பயந்த குழந்தையை யானையின் வயிற்றுக்கு அடியில் மூன்று முறை நுழைத்து எடுத்தால் பயம் போய்விடும் என்பார்கள். கோயில் வாசலில் அப்படிச் செய்து நானே பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

"இங்க அதெல்லாம் பண்றதில்லம்மா" என்றார் மாரி.

"உங்க கால்ல விழுறேன்."

"யானைக்கு வயசாயிடுச்சும்மா" என்று நான் கரையிலிருந்து குரல் கொடுத்தேன்.

"வயசானா இன்னா? நிக்கிறது நல்லாத்தானே நிக்குது?" என்றார் திண்டிவனத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர். மனைவியோடு வந்திருந்தார். "சாமி யானைதானே? ஒரு கொழந்தைக்காக உட்டா கொறைஞ்சா போயிடும்? உடுய்யா." இன்னும் இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் ஆபத்தாக இருந்தது. அஞ்சலை குழந்தையின் விரல்களைப் புடவையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார், குழந்தை கதறிக்கொண்டிருந்தது, செண்பகம் ஓலை தின்பதை நிறுத்திவிட்டது.

உண்மையைச் சொன்னால் அவர் நின்றுவிடுவார். சொன்னால் சாயங்காலம் திண்டிவனம் முழுக்கப் பரவிவிடும், மாரிக்கு யானை இருக்காது. திரும்பி மேனேஜரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். சொல்லிவிடு என்கிற தலையசைப்பு. நான் "அம்மா, அந்த யானை" என்று ஆரம்பித்தேன்.

மாரி முந்திக்கொண்டார். சத்தமே போடவில்லை.

"எங்க அண்ணன் அந்த வயித்துக்கு அடியிலதாம்மா போனாரு. திரும்பி வரல."

அஞ்சலையின் கை அப்படியே நின்றது. மாரி வேட்டு வெடித்ததைச் சொன்னார், யானை மிரண்டதைச் சொன்னார், நாள் முழுக்க அண்ணன் உடம்புக்குப் பக்கத்தில் யாரையும் விடாமல் அது நின்றதைச் சொன்னார்.

"அப்புறம் எப்பிடிண்ணா நீ இதுங்கூட இருக்கிறே?" என்று கேட்டார் அஞ்சலை. குரலில் கெஞ்சல் போய், கோபமா பயமா என்று தெரியாத ஒன்று இருந்தது.

"அதுக்கும் பயம்தான். எனக்கும் பயம்தான். ரெண்டு பேரும் பயந்துக்கிட்டேதான் தெனம் வாய்க்காலுக்குப் போறோம், குளிக்கிறோம், வர்றோம்."

அந்த நேரம் பார்த்து மெயின் ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எங்கள் வண்டி ஒயரைத்தான் கழற்ற முடியும், ஊர் லாரிகளுக்கெல்லாம் கழற்ற முடியுமா? செண்பகத்தின் காது ஆடுவது நின்றது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு நடுக்கம் நடுங்கி, தலையை மாமரத்தின் பின்னால் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டது. தலை மட்டும்தான் மறைந்தது. மாரி ஓடிப்போய் அதன் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, "லாரிதான். ஒண்ணுமில்ல. லாரிதான், ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

மல்லிகாவும் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கண் வெளியே வந்தது. மரத்தின் பின்னால் ஒளிந்திருக்கும் யானையை வெகுநேரம் பார்த்தாள்.

"யம்மா, அதுவும் லாரிக்கா பயப்படுது?"

மாரிதான் சொன்னார். "ஆமா பாப்பா. அதுக்கு ரோடு தெரியல பாரு. லாரி போயிடுச்சான்னு நீ பார்த்துச் சொல்லு."

குழந்தை அம்மாவின் தோளில் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தது. "போயிடுச்சு" என்றது.

"அதுங்கிட்ட சொல்லு."

"போயிடுச்சு. லாரிதான். ஒண்ணுமில்ல" என்று யானையைப் பார்த்துச் சொன்னாள் மல்லிகா. இங்கே ஒரு அற்புதம் நடந்தது என்று நான் எழுதினால் அது பொய். புடவைத் தலைப்பு அவள் கையிலேயேதான் இருந்தது. அஞ்சலை அழுதுகொண்டேதான் வேனுக்கு வந்தார். வெற்றிலை பாக்கையும் பூவையும் மாரியின் காலடியில் வைத்துவிட்டு வந்தார்.

விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனில் பாதிப்பேர் இறங்கிவிடுவார்கள். அதற்குள் பேச வேண்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வண்டி கிளம்புமுன் வழக்கம்போல "பக்கத்து சீட்டு?" என்று கேட்டேன். வந்தாச்சு வந்தாச்சு என்று பதில் வந்தது. பிறகு எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துச் சொன்னேன்.

"காலையிலேருந்து பக்கத்து சீட்டுக்கு நீங்கதான் பொறுப்புன்னு சொல்லிக்கினு வர்றேன். வீட்டுக்குப் போன அப்புறமும் அதேதாங்க. அந்த மனுஷன் இன்னிக்கு ஒரு கொழந்தைக்காக வாயத் தொறந்துட்டாரு. இது வெளிய போனா அவர்கிட்ட யானை இருக்காது. உங்க பக்கத்து சீட்டு இதைப் பேசாம பார்த்துக்குங்க."

ஜவுளிக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் பக்கத்து சீட்டுக்கு நான் கேரண்டி" என்றார். அவர் மனைவி, "மொதல்ல உங்க வாயப் பாருங்க. கடையில துணி கிழிக்கிற சத்தத்துக்கு மேல கேக்கும்" என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்து, மூச்சுவிட்டார்கள். கடைசியாக மேனேஜர், வண்டிக்குள் முதல் தடவையாக வாயைத் திறந்து, "என் பக்கத்து சீட்டுக்கு நான் பொறுப்பு" என்றார். அவர் பக்கத்தில் இருந்தது அஞ்சலையும் மல்லிகாவும். மறுநாள் மல்லாட்டை மில்லுக்கு அவரே போனார். முதலாளியிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. குழந்தை பள்ளிக்கூடம் சேரும்வரை மில்லின் உள்பக்கத் தாழ்வாரத்தில் உட்காரலாம் என்று ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் அவர் எதுவும் கேட்கவில்லை. நானே, "கேள்வி?" என்றேன். "டீ ஆறுது, குடி" என்றார். என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

பல மாதங்கள் சலூனிலும் டீக்கடையிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த வருஷம் ஜவுளிக்கடைக்காரர் சொந்தக்காரர்களோடு மறுபடி வந்தார். அவர்களில் ஒருவர் ஏன் கிட்டே விடமாட்டேன் என்கிறீர்கள் என்று என்னோடு மல்லுக்கு நின்றார். நான் பதில் சொல்வதற்குள் ஜவுளிக்கடைக்காரர், "கொஞ்சம் பயந்த சுபாவம்பா அது. தூர நின்னு பாரு, ஒண்ணும் கொறைஞ்சுடாது" என்று அவரை இழுத்துப்போனார். கார்த்திக் கேட்ட பதில் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதைவிட நல்லதாக எதுவும் சொல்லத் தெரியவில்லை.

செண்பகம் அந்தத் தோப்பிலேயே இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், ஒரு மழைக்காலத்தில், வயிற்றுப்போக்கில் விழுந்து எழுந்திருக்கவில்லை. வேட்டும் வேண்டாம் மேளமும் வேண்டாம் என்று மாரி சொல்லிவிட்டார். மேனேஜரும் நானும் டிரைவரும் போனோம். ஹாரன் ஒயரை டிரைவர் கையால் தடவிக் கழற்றினார். இனிமேல் எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஜவுளிக்கடைக்காரரும் மனைவியும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேனில் வந்த முகங்கள் இன்னும் சில. யார் சொல்லி யாருக்குத் தெரிந்ததோ, பக்கத்து சீட்டு பக்கத்து சீட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அஞ்சலை வந்திருந்தார். மல்லிகா பள்ளிக்கூடத்துப் பாவாடை சட்டையில் அம்மாவைவிட்டுத் தள்ளித் தனியாக நின்றிருந்தாள்.

செண்பகத்துக்கு மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தார்கள். குழியில் இறக்கக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மெயின் ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. பழக்கதோஷம், நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டு யானையைத்தான் பார்த்தோம். மாரி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மல்லிகா மட்டும் திரும்பி ரோட்டைப் பார்த்தாள். பிறகு வாய்க்காலைத் தாண்டிப் போனாள். நான் தடுக்கவில்லை. செண்பகத்தின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துக் குனிந்து, "லாரிதான். ஒண்ணுமில்ல" என்றாள்.